காலனிப் பிள்ளைக்கு எபிரேயம் எதற்கு?

பிளஸ் டூ முடித்தோ, ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தோ பிள்ளைகள் கம்பெனி வாசலில் நிற்கும் தடம் இது. இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஷிப்ட் பஸ், ஒப்பந்த வேலை, பேட்ஜ் அட்டை. இதற்கு நடுவே காலனி வீட்டுப் பிள்ளை ஒன்று, “நான் இறையியல் படிக்கப் போகிறேன், எபிரேயமும் கிரேக்கமும் கற்கப் போகிறேன்” என்று சொன்னால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, “அதப் படிச்சா என்ன சம்பளம்?” என்பதுதான். நியாயமான கேள்வி. கடன் கட்ட வேண்டிய வீடு அப்படித்தான் கேட்கும்.

யாரும் கேட்காத இன்னொரு கேள்வி இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்த மொழிகள் நமக்கு எதற்கு? தமிழில்தான் பைபிள் இருக்கிறதே! கிறிஸ்தவரோ இல்லையோ, காலனியில் படிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தக் கேள்வியில் வேலை இருக்கிறது.

படிப்பு என்ன?

புரோட்டஸ்டன்ட் சபைகளின் இறையியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை வங்காளத்தில் உள்ள செராம்பூரோடு இணைந்தவை. வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகியோர் 1818-ல் தொடங்கிய செராம்பூர் கல்லூரிக்கு 1827-ல் டென்மார்க் அரசர் பட்டம் வழங்கும் உரிமை கொடுத்தார். சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியும், மதுரை அரசரடியில் 1969-ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் அந்த மரபில் வந்தவை. அங்கே பி.டி. படிப்பில் சேரும் மாணவர், சபை வரலாறு, பிற சமயங்கள், சமூக ஆய்வு ஆகியவற்றோடு எபிரேயம், கிரேக்கம் ஆகியவற்றையும் எதிர்கொள்கிறார். கத்தோலிக்கத் தரப்பில் நமக்கு மிக அருகில் இருப்பது பூந்தமல்லி திரு இருதயக் குருத்துவக் கல்லூரி. கத்தோலிக்கக் குருவாக வேண்டுமானால் மெய்யியலும் இறையியலும் சேர்த்துக் குறைந்தது 6 ஆண்டுகள் படிக்க வேண்டும்.

பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி எபிரேயம்; புதிய ஏற்பாடு கிரேக்கம். எபிரேயத்துக்கு 22 எழுத்துகள்; வலமிருந்து இடமாக எழுதுவார்கள்; எல்லாம் மெய்யெழுத்துகள். உயிர்க்குறிகளைப் புள்ளிகளாகச் சேர்த்தவர்கள் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த யூத அறிஞர்கள். கிரேக்கத்துக்கு 24 எழுத்துகள்.

பயப்பட வேண்டியதில்லை. தமிழ் இலக்கணம் ஒழுங்காகப் படித்தவருக்குக் கிரேக்கம் அவ்வளவு அந்நியம் அல்ல. ‘வந்தேன்’ என்ற ஒரே சொல்லில் ‘நான்’ அடங்கியிருப்பது போலத்தான் கிரேக்க வினையும். வேற்றுமை உருபு என்றால் என்ன என்று நமக்கு எட்டாம் வகுப்பிலேயே சொல்லித் தருகிறார்கள். பகுதி, விகுதி பிரித்துப் பழகிய மாணவருக்கு, மூன்று மெய்யெழுத்து வேரிலிருந்து சொற்கள் கிளைக்கும் எபிரேயமும் பிடிபடும். ஆங்கிலம் வராது என்பதற்காக நம் பிள்ளைகள் இந்த மொழிகளுக்கு அஞ்சத் தேவையில்லை.

மறுக்கப்பட்ட மொழி

நூலின் மூலமொழியை வைத்திருப்பவர் கையில்தான் நூலுக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் இருக்கும். அம்பேத்கருக்கு இது பள்ளியிலேயே தெரிந்துவிட்டது. பம்பாயில் படித்தபோது சமஸ்கிருதம் கற்க விரும்பினார். தீண்டப்படாத சாதிப் பையனுக்கு அதைக் கற்பிக்க ஆசிரியர் மறுத்ததால் பாரசீகம் எடுக்க வேண்டியதாயிற்று. அவர் விடவில்லை. 1921-ல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். அங்கே சமஸ்கிருதம் படிப்பதும் அவருடைய நோக்கமாக இருந்தது. 1946-ல் ‘சூத்திரர்கள் யார்?’ நூலை வெளியிட்டபோது, சமஸ்கிருதத்தில் புலமை இல்லாதவர் இதைப் பற்றி எழுதலாமா என்ற கேள்விக்கு முன்னுரையிலேயே பதில் சொல்ல வேண்டியிருந்தது. பிற்காலத்தில் பாலி மொழியை ஊன்றிப் படித்து அகராதி தொகுக்கும் வேலையிலும் இறங்கினார்.

தமிழ்நாட்டில் அயோத்திதாசப் பண்டிதர் அதே வழியில் அவருக்கு முன்பே நடந்தார். 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அவர், பாலியையும் தமிழ்ச் சுவடிகளையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் வேறு பொருள் கேட்டார். சொல்லின் வேரைத் தோண்டுவது நம் முன்னோருக்கு விடுதலை அரசியலாக இருந்தது. எபிரேயம் படிக்கும் காலனிப் பிள்ளை அந்த வரிசையில் வருகிறார்.

ஒரே சொல், மூன்று தமிழ்

ஒரு உதாரணம் பார்ப்போம். கிரேக்கத்தில் ‘தூலோஸ்’ என்று ஒரு சொல். பொருள்: அடிமை. விலைக்கு வாங்கி விற்கப்பட்ட, உரிமையாளரின் சொத்தாக எண்ணப்பட்ட மனிதர். ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-ல் வெளிவந்த பழைய தமிழ் மொழிபெயர்ப்புதான் இன்றும் பெரும்பாலான புரோட்டஸ்டன்ட் சபைகளில் வாசிக்கப்படுகிறது. அதில் இந்தச் சொல் எப்படி வருகிறது?

ரோமருக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கத்தில் பவுல் தன்னைத் தூலோஸ் என்கிறார், தமிழில் ‘ஊழியக்காரன்’. பிலிப்பியர் 2-ஆம் அதிகாரத்தில் இயேசு எடுத்த கோலத்துக்கு அதே சொல், தமிழில் ‘அடிமை’. எபேசியர் 6-ஆம் அதிகாரத்தில் தூலோஸ்கள் தங்கள் எஜமானர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று வருகிறது. அங்கே தமிழில் ‘வேலைக்காரர்’.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். 2024 செப்டம்பர் 9-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அக்டோபர் நடுப்பகுதி வரை ஒரு மாதத்துக்கும் மேல் அது நீடித்தது. அப்படிப்பட்ட நாளில் ஒரு போதகர் எபேசியர் 6-ஐத் திறந்து, “வேலைக்காரர் எஜமானருக்கு அடங்க வேண்டும், வேதமே சொல்கிறது” என்றால், ஜெபக்கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளி என்ன பதில் சொல்வார்? தமிழை மட்டும் வைத்திருந்தால் அவரிடம் பதில் இல்லை.

கிரேக்கம் படித்தவரிடம் பதில் இருக்கிறது. அந்த வசனம் ரோமப் பேரரசின் அடிமைகளிடம் பேசுகிறது. தொழிற்சங்கச் சட்டம் 1926-ன்படி சங்கம் வைக்கும் உரிமை பெற்ற குடிமகன் தூலோஸ் அல்ல. ‘வேலைக்காரர்’ என்ற தமிழ்ச் சொல்தான் அடிமைக்குச் சொன்னதைத் தொழிலாளிக்கு மாற்றிவிட்டது. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான ‘திருவிவிலியம்’ அதே இடத்தில் ‘அடிமைகள்’ என்றே போடுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

அவன், அவர், நாம், நாங்கள்

காலனியில் வளர்ந்தவருக்கு ‘ன்’ விகுதிக்கும் ‘ர்’ விகுதிக்கும் உள்ள தூரம் தெரியும். நரைத்த தலையோடு நிற்கும் பெரியவரை ஊர்த்தெருச் சிறுவன் ‘டேய்’ என்று கூப்பிட்ட காலம் அதிக தூரத்தில் இல்லை. கிரேக்கத்திலும் எபிரேயத்திலும் இந்த வித்தியாசமே கிடையாது. இயேசுவுக்கும் தொழுநோயாளிக்கும் ஒரே பிரதிப்பெயர்.

தமிழில் எழுதும்போது ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். 1871 பதிப்பில் இயேசுவுக்கு ‘அவர்’. அவரிடம் வரும் தொழுநோயாளிக்கு ‘ஒருவன்’. அந்தப் பதிப்பு அரசனையும் ஆளுநரையும்கூட ‘அவன்’ என்றுதான் சொல்கிறது. கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே கோடு போடுவது அதன் முறை. ஆனாலும் கேட்பவர் காதில் எது உறைக்கும் என்பது அவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. 1995 பதிப்பில் அதே மனிதர் ‘தொழுநோயாளர் ஒருவர்’ ஆனார். கிரேக்கம் ஓரெழுத்தும் மாறவில்லை. இடைப்பட்ட 124 ஆண்டுகளில் தமிழ்ச் சமூகம் மாறியது. மரியாதை கேட்டுப் போராடியவர்கள் அதை மாற்றினார்கள்.

‘நாம்’, ‘நாங்கள்’ என்ற வேறுபாடும் அப்படித்தான். கேட்பவரையும் சேர்த்தால் நாம், விலக்கினால் நாங்கள். எபிரேயத்துக்கும் கிரேக்கத்துக்கும் இந்தப் பிரிவினை தெரியாது. மாற்கு 4-ஆம் அதிகாரத்தில் புயலில் படகு தத்தளிக்கிறது. சீடர்கள் இயேசுவை எழுப்பிச் சாகப் போவதாக அலறுகிறார்கள். அவரும் அதே படகில்தான் இருக்கிறார். ‘நாம்’ சாகிறோமா, ‘நாங்கள்’ சாகிறோமா? கிரேக்கம் சொல்லவில்லை. பழைய தமிழ் ‘நாங்கள்’ என்று முடிவு செய்தது. ஒரே ஊராட்சிக்குள் ஊரும் சேரியும் தனித்தனியாகக் கிடக்கும் நாட்டில் வளர்ந்த மாணவருக்கு, இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசலாம்.

வேலையும் வழிபாடும்

எபிரேயத்திலிருந்து ஒன்று. ‘அவத்’ என்ற வேருக்கு வேலை செய்தல், அடிமையாய் உழைத்தல், வழிபடுதல் ஆகிய மூன்று பொருளும் உண்டு. யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் எகிப்தியர்கள் இஸ்ரவேலரைச் சாந்திலும் செங்கல்லிலும் வயலிலும் கசக்கிப் பிழியும் இரண்டு வசனங்களில் (13, 14) இந்த வேர் 5 முறை வருகிறது. பின்னால், தன்னை வழிபட என் மக்களை அனுப்பு என்று கடவுள் பார்வோனிடம் கேட்கும் இடத்திலும் அதே வேர். தமிழில் முதல் இடத்தில் ‘வேலை’, இரண்டாவது இடத்தில் ‘ஆராதனை’. ஆகவே தமிழில் படிப்பவருக்கு, வேலைக் கொடுமையிலிருந்து தப்பி ஆராதனைக்குப் போன கதையாகத் தெரிகிறது. எபிரேயத்தில் படிப்பவருக்கு, இந்த மக்களின் உழைப்பு யாருக்குச் சொந்தம் என்ற வழக்காகத் தெரிகிறது. தமிழில் ‘பணி’ என்ற சொல்லுக்கும் வேலை, வணக்கம் என்ற இரண்டு முகங்கள் இருப்பதை நினைத்தால் இது எளிதாய் விளங்கும்.

செங்கல் சூளையும் வயலும் நமக்குக் கதை அல்ல. இன்றைய ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. கடனுக்குக் கட்டுண்டு, படி நெல்லுக்குத் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களை இங்கே ‘படியாள்’ என்றார்கள். 1891-ல் மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். ஸ்காட்லாந்து சுயாதீன சபையின் ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி ஆகியோரும் இந்த மக்களின் நிலத்துக்காகக் குரல் கொடுத்தார்கள். 1892-ல் பிறந்த அரசாணையின் வழியே வந்ததுதான் பஞ்சமி நிலம். வேதம் படித்தவர்கள் இந்த மண்ணில் நிலத்தைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள்.

தலித் இறையியல்

1981-ல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் ஓர் உரை நிகழ்த்தினார். சூத்திரர் நோக்கில் ஒரு இறையியல் வேண்டும் என்றார். அதிலிருந்து வளர்ந்தது தலித் இறையியல். பிறகு சென்னை குருகுல் கல்லூரியில் அதற்கென்றே துறை உருவானது. நிர்மல் அங்கே பணியாற்றினார். அவர் பிடித்துக்கொண்ட வசனம் உபாகமம் 26:5. முதல் விளைச்சலைப் படைக்கும் விவசாயி, தன் மூதாதை ஓர் அரமேயன் என்று சொல்லித் தொடங்கும் வாக்குமூலம் அது. அந்த மூதாதைக்குச் சொல்லப்படும் எபிரேய வினைக்கு ‘அலைகிற’ என்றும் ‘அழிகிற’ என்றும் பொருள் கொள்ளலாம். ஊரில்லாமல் அலைந்து அழிந்த மூதாதையரைச் சொல்லித்தான் தலித் தன் விசுவாசத்தைத் தொடங்க முடியும் என்பது நிர்மலின் வாதம்.

மதுரையில் தியோபிலஸ் அப்பாவு வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தார். ‘பரட்டை’ என்று எல்லோரும் அழைத்த அவர், பறையையும் நாட்டுப்புற மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். எல்லோரும் ஒரே உலையில் பொங்கி ஒன்றாகச் சாப்பிடுவதே இறையாட்சி என்று ‘ஒரு உலை’ இறையியல் பேசினார். 2005-ல் அவர் மறைந்தாலும், அவர் போட்ட மெட்டுகள் கிராமங்களில் இருக்கின்றன.

மேடை எபிரேயம்

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். “எபிரேயத்தில் இதற்கு அர்த்தம் என்னவென்றால்…” என்று மைக் பிடித்து ஒரு வார்த்தையை விட்டால் கூட்டம் வாயடைத்துப் போகும். சரிபார்க்க யாருக்கும் வழியில்லை. நேற்று சமஸ்கிருதம் செய்த வேலையை இன்று எபிரேயம் செய்யக்கூடும்.

நமக்குச் சாதகமான வார்த்தையிலும் கண்டிப்பு வேண்டும். எபிரேயத்தில் ‘தல்’ என்றால் மெலிந்தவர், எளியவர். ஆமோஸ் நூலில் இச்சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ‘தலித்’ என்ற சொல்லே அங்கிருந்துதான் வந்தது என்று சிலர் மேடையில் சொல்வதுண்டு. ‘தலித்’ சமஸ்கிருத வேரிலிருந்து மராத்தி வழியாக வந்த சொல். உடைக்கப்பட்டவர், நொறுக்கப்பட்டவர் என்று பொருள். ஒலி ஒத்திருப்பது தற்செயல். மொழி படித்தவர் கைதட்டலுக்காக இதை மறைக்கக் கூடாது. அடிமை முறையை எதிர்த்து நேராகப் பேசாத வசனங்கள் பைபிளில் உண்டு என்பதையும் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பாளர் சேர்த்தது எது, மூலத்திலேயே இருப்பது எது என்று பிரித்துச் சொல்லும் நேர்மைக்குத்தான் இந்தப் படிப்பு.

சான்றிதழும் சுவரும்

இந்த மாணவரின் தோளில் இன்னொரு சுமை இருக்கிறது. 1950-ல் வந்த பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களை மட்டும் பட்டியலில் வைத்தது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகள் இன்றும் வெளியே. சென்னையில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்பவரின் வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம் கையை விரித்தது. 2022-ல் மத்திய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை, மதம் மாறிய தலித்துகளுக்கும் பட்டியல் சாதித் தகுதி கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. தகுதி இன்னும் வரவில்லை. இங்கே கிறிஸ்தவ ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். காலனி அதே காலனி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு மட்டும் இல்லை.

திருச்சபையும் சுத்தமில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கு நடுவேகூடச் சாதிச் சுவர் நின்றது. சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-ல் வெளியிட்ட கொள்கை ஆவணத்திலேயே ஒப்புக்கொண்டது. ஒரு தலித் முதன்முதலாகக் கர்தினால் ஆனது 2022-ல்தான். ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா. கிறிஸ்துவின் பெயரால் சாதி பேசுகிறவரிடம் “மூலத்தில் காட்டு” என்று கேட்க, மூலத்தைப் படித்த தலித் குருக்களும் போதகர்களும் வேண்டும். தென்னிந்தியத் திருச்சபையில் பெண்களும் குருத்துவப் பட்டம் பெறுகிறார்கள். 2013-ல் புஷ்பா லலிதா அதன் முதல் பெண் பேராயர் ஆனார். நம் பெண் பிள்ளைகளும் இதை யோசிக்கலாம்.

திருப்பிக் கொண்டுவர வேண்டியது

1017-ல் ராமானுஜர் பிறந்ததாகச் சொல்லப்படும் ஊர் நம் ஸ்ரீபெரும்புதூர். ரகசியமாக வைத்திருக்கச் சொல்லி உபதேசிக்கப்பட்ட மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் சொல்லிவிட்டார் என்பது அவரைப் பற்றிய மரபுக் கதை. அந்தக் கதையை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டு வளர்கிறார்கள். படித்ததை ஏழு பூட்டுக்குள் வைக்காதே என்பது அதன் சாரம்.

இறையியல் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் கேட்பதும் அதையே. விடுமுறைக்கு வரும்போது நம் காலனி ஜெபவீட்டில், இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்களுக்கு ‘தூலோஸ்’ என்றால் என்ன என்று பத்து நிமிடம் சொல்லிக்கொடுங்கள். ஒரே வசனத்தை இரண்டு தமிழ்ப் பதிப்புகளில் வாசிக்கச் சொல்லி, ஏன் வேறுபடுகிறது என்று அவர்களையே கேட்கவிடுங்கள். பிளஸ் டூ படிக்கிற தம்பி தங்கைகள் தமிழ் இலக்கணத்தை மார்க்குக்காக மட்டும் படிக்காதீர்கள். எந்த மொழிக்குப் போனாலும் அதுதான் கைவிளக்கு. இறையியல் படிக்க விரும்புகிறவர்கள் உங்கள் ஆயர் அல்லது பங்குத்தந்தையிடம் பேசுங்கள். சேர்க்கைக்குச் சபையின் பரிந்துரை வேண்டியிருக்கும். சாதி பார்த்து அந்தப் பரிந்துரையை யாராவது மறுத்தால், அதை வெளியே சொல்லுங்கள்.

சம்பளம் என்ன என்று கேட்கும் அம்மாவுக்கும் பதில் சொல்ல வேண்டும். கம்பெனிச் சம்பளம் அளவுக்கு வராமல் போகலாம் என்பதை அவரிடம் மறைக்காதீர்கள். அதோடு இதையும் சொல்லுங்கள்: இனிமேல் நம் வீட்டுக்கு வேதத்தைக் கொண்டுவந்து அடங்கிப் போகச் சொல்கிறவரிடம், எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று திருப்பிக் கேட்க நம் வீட்டில் ஒருவர் இருப்பார்.